மூணாம் மேட்டுக்கு ஒரு வண்டி

மூன்றாம் மேட்டை வெட்டியது நான். மதுரையிலிருந்து வந்த ஒருவர் அதைத் தாண்டும்போது விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். பழி போடுவதற்கு முதலாளி செல்வின் சார் வேறு ஆள் தேடவில்லை.

"யோவ் ஈஸ்வரபாண்டி, நீ வெட்டுனது மேடா, குழியாய்யா? இறங்குமேட்டைக் குட்டையா வெட்டி ஒரு மனுசனைக் கொல்லப் பாத்தியே!"

"அளந்துதான் சார் வெட்டுனேன். குட்டையில்ல."

"அளந்தாராம்ல. மம்பட்டிப் பிடியை வச்சு அளந்த அளவுதானே அது?"

என்னோடு வேலை செய்த ஐந்து பேரும் அங்கேதான் நின்றார்கள். ஏழு மாதம் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் தன் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்குவதுபோல் குனிந்துகொண்டான். அன்றைக்கு அவன் காலில் அட்டை இல்லை.

இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால், ஏலக்காய் பட்டுப்போன ஒரு சரிவு. அதை வளைத்து மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பாதை போட்டிருந்தார்கள். கட்டணம் கட்டினால் சைக்கிளும் ஹெல்மெட்டும் கொடுப்பார்கள். உச்சியிலிருந்து காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து இறங்கி வரலாம். வழியில் ஐந்து மேடுகள். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு ஏறுமேடு, நடுவே பள்ளம், அந்தப் பக்கம் இறங்குமேடு. ஏறுமேட்டில் கிளம்புகிற வண்டி பள்ளத்தை அந்தரத்தில் தாண்டி, இறங்குமேட்டின் சரிவில் போய் உட்கார வேண்டும். இதற்கு ஃப்ரீரைடு என்று பெயர். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து நாலு நாள் கயிறு பிடித்துக் காட்டிவிட்டுப் போனார். வெட்டியதும் மிதித்து இறுக்கியதும் நாங்கள் ஆறு பேர்.

அவர் அளந்த கயிற்றை மூன்று தடவை என் மம்பட்டிப் பிடியோடு வைத்துச் சரிபார்த்துத்தான் மூன்றாம் மேட்டை முடித்தேன். அதற்குப் பிறகு நூறு பேராவது அதைத் தாண்டியிருப்பார்கள். இந்த மதுரைக்காரரே அதற்கு முன்னால் நாலைந்து முறை தாண்டியவர்.

அவரைத் தூக்கிக்கொண்டு ஜீப் போனதும் நான் மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டயர் விழுந்த தடம் இறங்குமேட்டின் சரிவில் இல்லை. சரிவையும் தாண்டி, ரெண்டு மம்பட்டி நீளத்துக்கு அப்பால், மட்டத் தரையில் ஆழமாகக் கீறியிருந்தது. ஆள் பள்ளத்தில் விழவில்லை. மேட்டையே தாண்டிப் பறந்துபோய் விழுந்திருக்கிறார். அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? மேட்டுக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு. அதில் எல்லாரும் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துத்தான் வருவார்கள். அன்றைக்கு அந்த வளைவுக்கு மேலேயிருந்து ஒரு அலறல் கேட்டது. ஆள்தான் பயத்தில் கத்துகிறார் என்று நினைத்தேன்.

செல்வின் சாரைக் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டினேன். அவர் தடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீ போலீஸாய்யா? தடம் பாக்குற? நாளையிலேர்ந்து வேலைக்குன்னு ஜீப்புல ஏறாத. மழை விட்டதும் ஜேசிபி வருது. இந்த மேட்டைத் தள்ளி மட்டம் பண்ணிட்டுத்தான் மறுபடி கடையைத் திறப்பேன்."

அதற்கு முந்தின நாள்தான் ஆயுத பூஜை. "பளபளன்னு இருக்கணும்யா, போட்டோ போடணும்" என்று அவர் சொல்ல, அரிவாள், மம்பட்டி, கடப்பாரை, எட்டு சைக்கிள் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். மறுநாள் முதல் ஆளாகக் கிளம்பியவர் விழுந்தார். அவர் பின்னால் யாரும் இறங்கவில்லை. சைக்கிள்களை ஷெட்டில் போட்டுப் பூட்டினார்கள். அதோடு மழையும் பிடித்துக்கொண்டது.

கூலி போனால் வேறு தோட்டம் இருக்கிறது. முதுகு தேய்ந்தவனுக்கும் முள் வெட்ட ஒரு இடம் கிடைக்கும். ஆனால் அந்த மேட்டை ஜேசிபி தள்ளினால், ஈஸ்வரபாண்டிக்கு மண் வெட்டத் தெரியாது என்று மலை முழுக்க முத்திரை குத்தியதாகிவிடும். என்னிடம் இருந்தது அந்த ஒரு வித்தைதான்.

அதனால் நானே அதைத் தாண்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். வாழைத்தார் கட்டிய சைக்கிளை ஓட்டியிருக்கிறேன். கியர் சைக்கிளைத் துடைத்திருக்கிறேன். மற்றபடி அதில் ஏறியதில்லை.

வீட்டில் நின்ற ரெண்டு கிடாயையும் விற்றேன். என் பெண்டாட்டி பாண்டீஸ்வரி வாசலிலேயே மறித்தாள்.

"கிடாயை வித்து சைக்கிளா மாமா? முப்பத்தெட்டு வயசுல? ஊர்ல எல்லாரும் காறித் துப்புறதுக்கா?"

"துப்பட்டும். நனைஞ்சா தொடைச்சுக்கிறேன்."

"எலும்பு முறிஞ்சு வந்து கெடந்தீகன்னா நான் பீ மூத்திரம் அள்ள மாட்டேன், சொல்லிட்டேன்."

"அள்ளாத."

தேனியில் கடைவீதிக்குள்ளே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரப் பெரியவர் நோயில் படுத்த பிறகு அவர் மகள் ஜெபாதான் பார்க்கிறது. முப்பது வயது இருக்கும். கையெல்லாம் கிரீஸ். மலைக்கு வருகிற சைக்கிள்காரர்கள் அந்தக் கடைப் பெயரைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் உள்ளே போனபோது ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நிமிரவில்லை.

வாசலிலேயே ஒரு வண்டி நின்றது. சிவப்பும் கறுப்பும். முன்னாலும் ஸ்பிரிங், பின்னாலும் ஸ்பிரிங். இருபத்தொரு கியர் என்று எழுதி ஒட்டியிருந்தது. மலையில் இருந்த எட்டு வண்டிக்கும் பின்னால் ஸ்பிரிங் உண்டு. இதுதான் நமக்கு என்று நினைத்து, குனிந்து ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். கனமாக இருந்தால் தாங்கும் என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணே, தூக்கிப் பாத்து எடுக்க அது என்ன சிமெண்டு மூட்டையா?"

"கனமா இருக்கே தங்கச்சி. உறுதியா இருக்கும்ல?"

"கனமாத்தான் இருக்கும். தண்ணிக் குழாயில செஞ்சது. யாருக்கு வண்டி? மகனுக்கா?"

"எனக்கு."

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தது. என் வேட்டியை, பிளந்து கிடந்த குதிகாலை, தலையில் கட்டியிருந்த துண்டை.

"மில்லுக்குப் போய்வரவா? பின்னாடி கேரியர் வச்சது உள்ள கெடக்கு. அதை எடுத்துக்கோங்க."

"மேடு தாண்ட. ஃப்ரீரைடு."

கடையில் டியூப் ஒட்டிக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிட்டான். ஜெபா சிரிக்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது. என் பக்கத்தில் வந்து அந்தச் சிவப்பு வண்டியைச் சாய்த்து, அடிக்குழாயில் ஒட்டியிருந்த ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தைக் காட்டியது. இங்கிலீஷில் எறும்பு எழுத்து.

"என்ன போட்டிருக்குன்னு தெரியுதா? தெரியாது. நான் சொல்றேன். இதுல குதிக்காத, குதிச்சா நான் பொறுப்பில்லன்னு செஞ்சவனே எழுதி ஒட்டியிருக்கான். இந்த ஸ்பிரிங் இருக்குல்ல, இது தொட்டில்ல கட்டுறது. ஒரு தடவை ஓங்கி இறங்குனா அடிவரைக்கும் போய் முட்டி, உங்களைத் தூக்கி முன்னாடி எறியும்."

"அப்போ நல்ல ஸ்பிரிங் வச்சது காட்டு."

"பின்னாடி நல்ல ஸ்பிரிங் வச்ச வண்டி எடுக்கணும்னா ஆட்டுப் பட்டியையே விக்கணும். கையில எம்புட்டு வச்சிருக்கீக?"

சொன்னேன். முகத்தைச் சுளித்தது.

"நேரத்தை வீணாக்காதீகண்ணே. எங்கயோ பாத்துட்டு ஆசைப்பட்டு வருவீக. வாங்கி ஒரு வாரத்துல கையை ஒடிச்சுக்கிட்டு, கடைக்காரி ஏமாத்திட்டான்னு ஊர் பூரா சொல்லுவீக."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் ஆசைக்கு வரல தாயி. நான் வெட்டுன மேட்டை நான் தாண்டணும். அதுக்கு எது தோதோ அதைக் குடு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."

"நீங்க வெட்டுனதா?"

தரையில் கிடந்த சாக்கட்டியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வரைந்தேன். ஏறுமேடு இடுப்பளவு. பள்ளம் மூணு மம்பட்டிப் பிடி. இறங்குமேட்டுச் சரிவு நாலு பிடி, ஏறுமேட்டைவிட ஒரு சாண் தணிவு. வளைவிலிருந்து மேட்டுக்கு இருபத்திரண்டு எட்டு. ஜெபா குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு என்னிடமிருந்து சாக்கட்டியைப் பிடுங்கி, இறங்குமேட்டுச் சரிவின் நடுவில் ஒரு புள்ளி வைத்தது.

"இங்கன உட்கார்ந்தா வண்டிக்கு அடியே தெரியாது. சரிவு நல்லாத்தான் இருக்கு."

அந்த ஆள் விழுந்த பிறகு என் வேலையைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"இந்த மேட்டுக்குப் பின்னாடி ஸ்பிரிங் வேண்டாம். கையில காசு கம்மியா இருக்கவன் பின்னாடி ஸ்பிரிங் இல்லாததுதான் எடுக்கணும். அந்தக் காசை முன் சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க்குலயும் பிரேக்குலயும் போடணும். கியர் எத்தனைன்னு எண்ணாதீக. இறக்கத்துல கியரை வச்சு என்ன பண்ணுவீக, நாக்கு வழிப்பீகளா?"

உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. பெயிண்ட் உரிந்து, ஆசனம் கிழிந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. வெளிநாடு போன ஒருத்தர் விற்கச் சொல்லி விட்டுப்போனதாம். முன் ஃபோர்க் என் முழங்கை கனம். டயர் எருமை வாய் மாதிரி அகலம். இரண்டு சக்கரத்தின் நடுவிலும் ஒரு இரும்புத் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கிற பிரேக்.

"இதையா? கிழவி மாதிரி இருக்கு."

"நீங்க மட்டும் என்ன மாப்பிள்ளையா? ஏறி நில்லுங்க. ஆசனத்துல உட்காராதீக, நில்லுங்க."

நின்றேன். குறுக்குக் குழாய்க்கும் எனக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தது. அவ்வளவாவது இருந்தால்தான் கால் தவறினால் ஆண்மை மிஞ்சும் என்று சொன்னது. டியூப்காரன் மறுபடி சிரித்தான். பிறகு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழாய் சேரும் ஒட்டுகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் தடவிக் காட்டியது. பழைய வண்டி எடுத்தால் முதலில் இங்கேதான் விரிசல் பார்க்க வேண்டுமாம். அதை நான் நம்பாமல் என் நகத்தாலும் தடவினேன். விரிசல் இல்லை.

"பிரேக்கை ஒத்த விரல்ல பிடிச்சுப் பழகுங்க. ஒரு வாரத்துக்கு நிறுத்துறதை மட்டும் பழகுங்க. நிறுத்தத் தெரியாதவனுக்குத் தாண்டத் தெரியாது. ஹெல்மெட்டு தாடையையும் மூடுறது. அதையும் எடுத்தாத்தான் வண்டி தருவேன்."

"காசு பத்தாதே."

"அப்போ வண்டியை விட்டுட்டுப் போங்க."

கடைசியில் ஹெல்மெட் அரைவிலைக்கு வந்தது. இனாமாகக் கொடுக்கிறமாதிரி கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். "தலையைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்று திட்டிக்கொண்டே கொடுத்ததால் வாங்கினேன்.

எங்கள் ஊர் சிலமலை. கண்மாய்க் கரையில் பழகினேன். முதல் வாரம் நிறுத்துவது மட்டும். பிறகு கரையோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி மூணாம் மேடு வெட்டினேன். அதைத் தாண்ட வந்ததும் ஒரு மம்பட்டி மண் ஏற்றினேன். அதையும் தாண்டினதும் இன்னொன்று. எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கில்லை. ஆடு மேய்க்கிறவர்களும் குளிக்க வந்தவர்களும் வேலை வெட்டியை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"ஏலே ஈஸ்வரபாண்டி, இன்னைக்கு எத்தனை பல்லு மிச்சம்?"

"சர்க்கஸ்காரன் வந்துட்டான்டோய், டிக்கெட்டை எடுங்க!"

பாண்டீஸ்வரி அந்த வண்டியைத் தொடவேயில்லை. வாசலில் நின்றால் சுற்றிக்கொண்டு போவாள். கோலம்கூட அதைத் தள்ளித்தான் போட்டாள்.

மூன்று வாரம் ஆனது. குட்டி மேடு இடுப்புக்கு வந்துவிட்டது. மழை விட்டது. சனிக்கிழமை ஜேசிபி வருகிறது என்று ஜீப் ஓட்டுகிற ராக்கையா சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலையில் பாண்டீஸ்வரி குங்குமச் சிமிழோடு வெளியே வந்தாள். "பொட்டு வைக்காத வண்டியில மலையேறுனா அம்புட்டுத்தான். எனக்காக இல்ல, எம்பிள்ளைகளுக்காக வைக்கிறேன்" என்று வண்டியைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் இளகிவிட்டது. வெளியே காட்டவில்லை. இவளே வைக்கும்போது வண்டி அழுக்காக நிற்கலாமா? பிரேக் தட்டில் செந்நிறமாகக் கறை பிடித்திருந்தது. துரு என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெய் நனைத்த துணியால் குழாயை, ஃபோர்க்கை, இரண்டு தட்டையும் இரும்பு மின்ன மின்னத் துடைத்தேன். மலையில் வேலை முடிந்ததும் மம்பட்டிக்குச் செய்வது அதுதான். துடைக்காமல் வைத்தால் பனிக்கு ஒரே இரவில் துரு ஏறிவிடும். முப்பது வருசமாக என் கை செய்கிற வேலை. அவள் தட்டிலும் ரெண்டு பொட்டு வைத்தாள்.

கரைக்குப் போய் மேலேயிருந்து இறங்கினேன். மேட்டுக்கு முன்னால் ஒத்த விரலால் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. நாலு விரலாலும் அழுத்தினேன். அப்போது முன் சக்கரம் அலறியது. ஆள் கத்துகிற மாதிரி, அடித்தொண்டையிலிருந்து, நீளமாக.

அந்த அலறலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

மேட்டைத் தாண்டி அப்பால் பறந்து கருவேலம் முள்ளுக்குள் விழுந்தேன். கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முள்ளைப் பிடுங்கக்கூடத் தோன்றாமல் அப்படியே கிடந்தேன்.

மறுநாள் காலையிலேயே தேனிக்கு வண்டியைக் கொண்டுபோனேன். ஜெபா தட்டில் விரலை வைத்து, முகர்ந்து பார்த்தது.

"எந்த மடப்பய இதுல எண்ணெ போட்டது?"

"நான்தான்."

"மம்பட்டிக்குப் போடுவீக, அருவாளுக்குப் போடுவீக. இது பிடிச்சு நிறுத்துற தட்டுண்ணே! கையில சோப்பைத் தடவிட்டு விரால் மீனைப் பிடிக்கிற கதைதான். தட்டைக் கவ்வுற கட்டை ரெண்டும் எண்ணெயைக் குடிச்சிருச்சு. கழுவுனாலும் போகாது. புதுசுதான் மாத்தணும். கூடப் பொட்டு வேற! செத்துப்போறவனுக்கு அலங்காரமா?"

திட்டிக்கொண்டே தட்டைக் கழற்றிக் கழுவியது. நான் கேட்டேன்: "எண்ணெ போட்டா எத்தனை நாள் கழிச்சுப் பிடிக்காமப் போகும்?"

"என்னத்த நாளு? முதல் இறக்கத்துலயே."

"இப்படித்தான் கத்துமா?"

"இப்படித்தான் கத்தும். ஏன்?"

சொன்னேன். ஆயுத பூஜை. எட்டு வண்டி. எண்ணெய்த் துணி. மதுரைக்காரர். ஜெபா கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்தியது. அதன் வாயிலிருந்து வசவு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை என்கிட்ட வந்து சொல்லி என்னண்ணே பிரயோசனம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் புதுக் கட்டையை மாட்டியது.

வீட்டில் பாண்டீஸ்வரியிடமும் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமல் பேசினாள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. யாருக்குத் தெரியும்? போனீகளா, தாண்டுனீகளா, மேடு சரின்னு காட்டுனீகளா, வந்தீகளான்னு இருக்கணும். விழுந்தவுகளுக்கு எலும்பு கூடிருக்கும் இந்நேரம்."

"அந்த எட்டு வண்டியும் ஷெட்டுல அப்படியே நிக்குது."

"நிக்கட்டும். உங்க வண்டியா?"

சனிக்கிழமை காலையில் போடியில் ஜீப் நின்ற இடத்துக்குப் போனேன். ராக்கையா என்னைக் கண்டதும் கையை ஆட்டினான்.

"ஒன்னைய ஏத்துனா என் வேலைக்கு வேட்டு. செல்வின் சார் தெளிவாச் சொல்லிருக்காரு, அவனை ஏத்தாதன்னு."

"சைக்கிளை ஏத்தாதன்னு சொன்னாரா?"

யோசித்தான். "சொல்லல."

வண்டியை ஜீப்பின் தலையில் கட்டி அனுப்பிவிட்டு நான் பஸ்ஸில் போனேன். போடிமெட்டில் இறங்கி நடந்து போவதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. மூன்றாம் மேட்டுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஓட்டுகிறவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். பழைய ஆட்கள் ஐந்து பேரும் மம்பட்டியோடு நின்றார்கள். செல்வின் சார் என்னையும் ஜீப்பிலிருந்து இறங்கிய சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா இது கூத்து?"

"மேட்டைத் தாண்டிக் காட்டுறேன் சார். குட்டையா இருந்தா நான் விழுவேன். நீங்க தள்ளிக்கங்க."

"நீயா? விழுந்து தொலைச்சின்னா யாருய்யா பதில் சொல்றது?"

"உங்க ஆளு இல்லேன்னுதான் ஜீப்புலயே ஏத்தலயே. விழுந்தா தெருவுல போறவன் விழுந்தான்னு சொல்லிருங்க."

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினேன். பாதையின் ஒவ்வொரு அடியும் என் கைக்குத் தெரியும். எங்கே வேர் இருந்தது, எந்தக் கல்லைப் புரட்டினோம், எந்த இடத்தில் மண் இளகும் எல்லாம் தெரியும். ரெண்டாம் வளைவில் மழைத் தண்ணீர் தேங்கிச் சேறாகிக் கிடந்தது. நான் இருந்திருந்தால் தேங்க விட்டிருக்க மாட்டேன்.

ஹெல்மெட்டை மாட்டினேன். ஏறினேன். முதல் மேட்டையும் இரண்டாவதையும் ஓரமாக விலக்கிவிட்டு வந்தேன். வளைவில் ஒத்த விரலால் பிடித்தேன். பிடித்தது. சத்தமே இல்லை. விட்டேன். இருபத்திரண்டு எட்டு. ஏறுமேடு என் முழங்காலை நெஞ்சுக்குத் தள்ளியது. கீழே பள்ளம் போனது. ஜேசிபிக்காரனின் டீ டம்ளர் தெரிந்தது. அடுத்து வண்டி சரிவின் நடுவில் போய் உட்கார்ந்தது, ஜெபா சாக்கட்டியால் புள்ளி வைத்த அதே இடத்தில். அடியே தெரியவில்லை.

இன்னொரு தடவை ஏறி, இன்னொரு தடவை தாண்டினேன். இரண்டாவது தடவை ஐந்து பேரில் ஒருவன் விசில் அடித்தான். செல்வின் சார் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

செல்வின் சார் மேட்டுக்கு மேலே ஏறி நின்று, முதல் தடவையாகச் சரிவில் இருந்த தடத்தைப் பார்த்தார்.

"அப்போ அவரு ஏன்யா விழுந்தாரு?"

என் பெண்டாட்டி சொன்ன வார்த்தை காதில் கிடந்தது. அவர் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டார்.

"பிரேக் பிடிக்கல சார். பூஜைக்குத் தொடைச்சப்போ தட்டுல எண்ணெ போட்டிருக்கு. எட்டு வண்டிக்கும். போட்டது நான். அன்னைக்குக் கத்துனது அவரு இல்ல, வண்டி."

ஜேசிபிக்காரன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நீயா?" செல்வின் சாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஒரு மாசமா ஆஸ்பத்திரிக்கும் அவரு வீட்டுக்கும் நான் அலையுறேன். அவரு சம்சாரம் என்னைய வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேக்குறாக. அம்புட்டும் உன்னாலயா?"

"பளபளன்னு இருக்கணும்னு சொன்னது நீங்க."

"தொடைக்கச் சொன்னேன்யா! எண்ணெயை ஊத்தச் சொன்னேனா?"

"தட்டுல எண்ணெ படக்கூடாதுன்னு யாராச்சும் எனக்குச் சொன்னீகளா? மண்ணு வெட்ட வந்தவன்கிட்ட வண்டியைக் குடுத்துத் தொடைக்கச் சொன்னீக. நான் மம்பட்டிக்குச் செய்யுறதைச் செஞ்சேன்."

"பேசாத. பேசாத நீ."

"பேசிட்டுத்தான் போவேன். அந்த எட்டு வண்டியிலயும் கட்டையை மாத்தாம யாரையும் ஏத்தாதீக. கழுவுனாப் போகாது. தேனியில ஜெபாகிட்டக் கேளுங்க. விழுந்தவுககிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன், மதுரையில. விலாசம் குடுங்க."

"ஒரு மயிரும் குடுக்க மாட்டேன். நீ போய் வாயைத் திறந்து என் தொழிலைக் கெடுக்கவா?"

அவர் ஜேசிபிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேட்டைத் தள்ளத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் காட்டியது பாதையின் பக்கம். "திருப்பு. திருப்பிக்கிட்டுப் போ. வேலை இல்ல." பிறகு என்னிடம்: "மேடு இருக்கட்டும். நீ இருக்காத. இனி இந்த மலையில உன்னைக் கண்டேன்னா நடக்குறது வேற."

ராக்கையா தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பின் டயரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. ஹெல்மெட்டின் வாரைக் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே இறங்கக் கிளம்பினேன். பத்தடி போயிருப்பேன்.

"யோவ்!"

நின்றேன். செல்வின் சார் என்னைப் பார்க்காமல் காட்டைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த ரெண்டாம் வளைவுல தண்ணி தேங்குதே. அதுக்கு என்ன பண்ணணும்?"

"வெட்டத் தெரிஞ்சவனைக் கேளுங்க சார்."

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. பதினேழு கொண்டை ஊசி வளைவு. கீழே போடி புகைமூட்டத்துக்குள் கிடந்தது. முதல் வளைவில் ஒரு லாரி முக்கிக்கொண்டு ஏறி வந்தது. ஒத்த விரலால் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி சத்தமில்லாமல் வேகம் குறைந்து ஓரமாக நின்றது. லாரி போனதும் விரலை எடுத்தேன். மதுரைக்காரர் வீட்டு விலாசம் ராக்கையாவுக்குத் தெரிந்திருக்கும். அவரை ஏற்றிக்கொண்டு போனது அவன்தான். சாயங்காலம் போடியில் ஜீப் நிற்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும்.